மிருகத்தின் எண்ணும் கோதுமையின் விலையும்

விவிலியத்தின் கடைசிப் புத்தகத்துக்குத் தமிழில் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்று பெயர். கத்தோலிக்கர்கள் 'திருவெளிப்பாடு' என்கிறார்கள். 'அப்போகலிப்சிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் திரையை விலக்கிக் காட்டுதல் என்றுதான் பொருள், அழிவு என்றல்ல. ஆனால் ஒரு போரோ பூகம்பமோ வந்தால் போதும், 'பார்த்தீங்களா, அப்பவே எழுதியிருக்கு' என்று துண்டுப்பிரசுரத்தோடு ஆள் வந்துவிடுகிறார். திரை விலக்கும் பிரதி எப்படிப் பூச்சாண்டிப் பிரதி ஆயிற்று? இது அதிகாரம் பற்றிய கேள்வி. இறையியலாளர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடியதல்ல என்று நினைக்கிறேன்.

தானியேல் புத்தகத்தின் கதை நடப்பது பாபிலோனில். ஆனால் அதன் தரிசனப் பகுதிகள் கி.மு. 167-164 வாக்கில் உருவானவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் கோயிலில் சீயுஸ் வழிபாட்டைப் புகுத்தி, விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்திருந்த காலம் அது. ஆளுகிறவனைப் பேர் சொல்லித் திட்டினால் தலை போய்விடும். எனவே ஒரு பழைய பாபிலோன் கதை, நான்கு மிருகங்கள், ஒரு சின்னக் கொம்பு. அந்தக் கொம்பு யாரென்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

கி.பி. 95 வாக்கில், டொமிஷியன் ஆட்சியின் கடைசியில், யோவான் என்பவர் பத்மு தீவிலிருந்து சின்ன ஆசியாவின் ஏழு ஊர்ச் சபைகளுக்கு எழுதியதும் இப்படித்தான். அந்த ஊர்களில் ஒன்றான பெர்கமுவில் கி.மு. 29லேயே அகுஸ்துவுக்கும் ரோமாபுரிக்கும் கோயில் எழுப்ப அனுமதி கிடைத்துவிட்டது. பேரரசனைக் கும்பிடுவது ஊர்த் திருவிழாவோடும் தொழிற்குழு விருந்தோடும் பின்னிக் கிடந்தது. கும்பிடாதவனுக்குப் பிழைப்பு சிரமம்.

பலரையும் நடுங்க வைக்கிற 666ஐ எடுத்துக்கொள்வோம். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. 'நேரோன் கேசர்' என்று எபிரேயத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். இலத்தீன் உச்சரிப்புப்படி 'நேரோ' என்று கடைசி மெய்யை விட்டால் 50 குறைந்து 616. சில பழைய சுவடிகளில் 616 என்றே இருக்கிறது. ஆக, அது எதிர்காலத்து மந்திர எண்ணல்ல. ஒரு கொடுங்கோலனின் பெயரைச் சுமந்த சங்கேதம்.

சங்கேதத்தை அவிழ்த்தால் உள்ளே இருப்பது பொருளாதாரம். ஆறாம் அதிகாரத்துக் கறுப்புக் குதிரைக்காரன் கையில் தராசு. ஒரு நாள் கூலிக்கு ஒருவன் தின்னும் அளவு கோதுமைதான். எண்ணெய்க்கும் திராட்சை ரசத்துக்கும் மட்டும் சேதமில்லை. பஞ்சம் யாரைத் தொடுகிறது, யாரைத் தொடவில்லை என்பது இதில் வெட்டவெளிச்சம். பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன், அதாவது ரோம், வீழ்கிறது. அழுகிறவர்கள் யார்? அரசர்களும் வணிகர்களும் கப்பல்காரர்களும். அவர்களுடைய சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி விற்கப்பட்ட மனித உயிர்களில் முடிகிறது. இந்தப் பிரதி பயத்தை யார் பக்கம் வைக்கிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தேதி கணக்கிடும் வாசிப்பு இதைத் தலைகீழாக்குகிறது. அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர் தானியேலின் 2300 நாட்களை ஆண்டுகளாக்கிக் கணக்குப் போட்டார். 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று அவருடைய இயக்கத்தினர் காத்திருந்தார்கள். விடிந்தது, வழக்கமான இன்னொரு நாள். இந்த வாசிப்பில் மனிதர்களுக்கு வேலையே இல்லை. நடுங்கியபடி காத்திருப்பதைத் தவிர.

இதற்கு நேரெதிர் தென்னாப்பிரிக்காவின் ஆலன் பூசாக். நிறவெறி அரசால் 1985இல் சிறைவைக்கப்பட்டவர். வெளிப்படுத்தின விசேஷத்தைத் தம் மக்களின் எதிர்ப்பு இலக்கியமாக வாசித்து 1987இல் புத்தகமாக்கினார். மிருகம் யாரென்று தேட அவருக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பிரதியை அப்படியே கொண்டாடவும் எனக்கு மனமில்லை. ரோமை விபசாரியாக உருவகித்து எரிக்கிற கற்பனையில் பெண்ணுடல்தான் பலியாகிறது என்று பெண்ணிய விமர்சகர்கள் காட்டியிருக்கிறார்கள். 1534-35இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில், ஒடுக்கப்பட்டவர்களாக வந்தவர்கள் புதிய எருசலேம் கண்டு, லெய்டன் யானை அரசனாக்கி, எதிர்த்தவர்களைக் கொன்றார்கள். மிருகத்தை வெளியில் மட்டுமே தேடினால் இதுதான் கதி.

தமிழில் 'நம்பிக்கை' என்றால் விசுவாசமும்தான், இனி வரப்போவதை எதிர்நோக்குவதும்தான். எந்தப் பேரரசும் நிரந்தரமில்லை என்று, அது உச்சத்தில் இருக்கும்போதே, எண்ணிக்கையில் அற்பமான சிலர் நம்பினார்கள். கடவுளை ஏற்காதவர்களும் இந்தப் பிரதியிடமிருந்து அந்த நம்பிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.