தகரச் சிமிழில் பதிந்த முகம்

1890களிலேயே அமெரிக்க அங்காடிகளின் மாவுப் பெட்டிகளில் கறுப்பின மாதின் முகம் உண்டு. ஆயின் அது வெள்ளையர் வீட்டுச் சமையற்காரியின் சிரித்த முகம்; ஆதாயமும் வெள்ளையர்க்கே. 1906இல் கூந்தல் தைல வாணிபம் தொடங்கிய மேடம் சி. ஜே. வாக்கர் அம்மையாரோ, தம் சிமிழ்களின் மீது தம் முகத்தையே பதிப்பித்தார்.

இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867இல் லூயிசியானாவில், அடிமைத்தளை நீங்கிய பெற்றோர்க்குப் பிறந்தவர். ஏழு வயதில் தாய் தந்தையரையும், இருபதில் கணவனையும் இழந்து, பல்லாண்டுகள் பிறர் துணி வெளுத்துப் பிழைத்தார். (அத்தொழில் செய்வோரை நம் ஊர்கள் எங்ஙனம் நடத்தின என்பதை நாமறிவோம்.)

1912இல் தேசிய நீக்ரோ வணிகக் கழக மாநாட்டில், தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அம்மையாரைப் பேச அழைக்கவில்லை. கல்விக்கு அரும்பாடுபட்ட அப்பெரியார்க்கு இது அழகன்று. அம்மையார் தாமே எழுந்து, துணி வெளுத்த நாள்முதல் தாம் முன்னேறிய வரலாற்றை உரைத்தார். மறு ஆண்டு மாநாட்டில் அவரைப் பேச அழைத்தவரும் வாஷிங்டனே!

1917இல் பிலடெல்பியாவில் கூடிய அவருடைய பெண் முகவர்கள், கறுப்பினத்தாரைக் கும்பல்கள் கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டிக் குடியரசுத் தலைவர்க்குத் தந்தி அனுப்பினர். 1919இல் அம்மையார் மறைந்தார்.

அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை 1998இல் வெளிவந்தது. மாவுப் பெட்டியிலிருந்து அச்சமையற்காரியின் பெயர் நீங்கியதோ 2021இல்.