சாவி யாரிடம்? நியூயார்க்கின் சமூகத் தோட்டங்களும் உள்ளூர்த் தலைமையும்

நகரத்துக் காலிமனையில் தோட்டம் போட்டால் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், கூடினால் உறவு வளரும் என்ற எண்ணம் சமூகத் தோட்டங்களைப் பற்றிய எழுத்துகளில் ஆழ ஊறியிருக்கிறது. இந்த இயக்கம் வேரூன்றி வளர்ந்த நியூயார்க் நகரத்தின் அரை நூற்றாண்டு வரலாற்றைக் கூர்ந்து படித்தால் வரிசை மாறித் தெரிகிறது. பல இடங்களில் ஆட்களைக் கூட்டியவர் முதலில் வந்தார், சங்கம் அடுத்து வந்தது, மண்வெட்டி அதற்கும் பிறகுதான் வந்தது. அப்படி உருவான தோட்டம் நிலைத்ததா அழிந்ததா என்பதை மூன்று கேள்விகள் முடிவுசெய்தன. தலைவர் தம் அறிவையும் பொறுப்பையும் இளையவர்களிடம் எவ்வாறு கைமாற்றினார்? வாசற்கதவின் சாவி யார் யாரிடம் இருந்தது? நிலம் யார் பெயரில் இருந்தது? மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டு முதலிரண்டை மட்டும் புகழ்வது அந்தத் தலைவர்களுக்கே இழைக்கும் அநீதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

காலிமனைகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1930-களில் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டு, கடன் கொடுக்க ஆபத்தானவை என்று கருதிய பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் அந்தச் சிவப்புக்குள் விழுந்தன. புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் அவற்றுள் ஒன்று. கடன் கிடைக்காத வீட்டைப் பழுதுபார்க்க வழியில்லை. பழுதான வீட்டை உரிமையாளர் கைவிட்டார். சிலர் காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தினார்கள். வரி பாக்கிக்காக நகராட்சி எடுத்துக்கொண்ட கட்டடங்கள் இடிபட்டன, செங்கல் குவியலும் குப்பையும் மிஞ்சின. 1975-இல் நகராட்சியே திவாலின் விளிம்புக்கு வந்தபோது அந்த மனைகளைக் கூட்டிப் பெருக்கக்கூட ஆளில்லாமல் போனது. ஆக, தோட்டக்காரர்கள் கைவைத்த நிலம் இயற்கையாகச் சும்மா கிடந்த நிலம் இல்லை. கொள்கையால் காலியாக்கப்பட்ட நிலம் அது.

ஹாட்டி கார்த்தன் 1900-இல் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தவர். பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்டின் வெர்னன் அவென்யூவில் குடியிருந்தார். ஒருகாலத்தில் நிழல் தந்த தெருவில் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போனதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1964 வாக்கில், ஏறத்தாழ 64 வயதில், தெருக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினார். முதல் வேலை நிதி திரட்டுவது. அதற்கு அவர் கண்ட வழி தெருவிலேயே அடுப்பு மூட்டிக் கறி சமைத்து விற்பது. அப்படி நடந்த ஒரு தெருவிருந்துக்கு மேயர் ஜான் லிண்ட்சே வந்தார். அதன் தொடர்ச்சியாக, தெருக்காரர்கள் நான்கு மரம் வாங்கினால் நகராட்சி ஆறு மரம் தரும் என்ற ஏற்பாடு உருவானது. பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் முழுவதும் 1,500-க்கும் அதிகமான மரங்கள் நடப்பட்டன.

இந்த நான்குக்கு ஆறு என்ற கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கார்த்தன் நகராட்சியின் வேலையைத் தாமே எடுத்துச் செய்துவிடவில்லை. ‘எங்கள் பங்கை வைத்துவிட்டோம், உங்கள் பங்கு எங்கே?’ என்று கேட்கும் இடத்துக்குத் தம் தெருவைக் கொண்டுவந்து நிறுத்தினார். சமூகத் தோட்டங்கள் அரசின் கடமையைத் தன்னார்வலர் தலையில் கட்டுகின்றன என்று மேரி பெத் புடப் போன்ற ஆய்வாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. பல நகரங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கார்த்தனின் முறைக்கு அது பொருந்தாது. கைகழுவிவிட்டுப் போன நகராட்சியை அவர் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தார்.

வழிகாட்டுதல் என்ற சொல் இன்று பயிலரங்குகளிலும் சான்றிதழ்களிலும் தேய்ந்துபோயிருக்கிறது. 1971-இல் கார்த்தன் தொடங்கிய ‘அக்கம்பக்க மரப்படை’ அதன் சரியான பொருளைக் காட்டுகிறது. தெருப் பிள்ளைகளைச் சேர்த்து மரங்களின் பெயர், மண்ணின் தன்மை, கன்றைப் பேணும் முறை ஆகியவற்றைக் கற்பித்தார்கள். நடைபாதையில் நட்ட கன்று பிழைப்பது கடினம்: வேர் பரவ இடம் குறைவு, மண் காலடியில் இறுகிப்போகிறது, கோடையில் கான்கிரீட்டின் வெக்கை அடிக்கிறது. கன்றைச் சுற்றி மண்ணைக் கொத்திவிடவும் வாளியில் நீர் கொண்டுவந்து ஊற்றவும் யாராவது தினமும் வர வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகள் செய்தார்கள். அதற்குச் சிறு ஊதியமும் கொடுக்கப்பட்டது. ஊதியம் கொடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் சேவை மனப்பான்மையைப் போதித்து இலவச உழைப்பு வாங்குவது எளிது. அவர்கள் உழைப்புக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதோடு அறிவையும் கொடுப்பதே மரியாதை. தான் நீர் ஊற்றி வளர்த்த மரத்தின் கிளையை ஒடிக்க வருபவனை அந்தப் பிள்ளை தடுப்பாள். எந்த அறிவிப்புப் பலகையாலும் அதைச் செய்ய முடியாது.

லஃபாயெட் அவென்யூவில் நின்ற மக்னோலியா மரத்தின் கதை இன்னும் நுட்பமானது. 1885 வாக்கில் வட கரோலினாவிலிருந்து கன்றாக வந்த தென்னாட்டு மரம் அது. நியூயார்க்கின் குளிரில் அந்த இனம் பொதுவாகத் தாக்குப்பிடிக்காது. இது பிழைத்ததற்குக் காரணம் முதுகுப்புறம் நின்ற வீடுகள். வாடைக்காற்றை அவை மறித்தன. 1960-களின் இறுதியில் நகரச் சீரமைப்புத் திட்டம் அந்த வீடுகளை நெருங்கியது. கார்த்தனும் அவரோடு நின்றவர்களும் போராடியதன் பயனாக 1970-இல் அந்த மரம் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு மரத்துக்கு அந்தத் தகுதி கிடைப்பது அந்நகரில் மிக அரிது. ஆனால் கார்த்தன் அதோடு நிறுத்தவில்லை. வீடுகள் இடிந்தால் அடுத்த குளிர்காலங்களில் மரம் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மரத்தையொட்டிய மூன்று வீடுகளைக் காப்பாற்றி அவற்றை மக்னோலியா மர மண்ணக மையமாக்கும் வேலையில் இறங்கினார். 1977-இல் அந்த வீடுகளும் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. உயிருள்ள ஒன்றைக் காக்க அதைச் சூழ்ந்து நிற்கும் சட்டத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பதைத் தோட்டக்கலை நூல்கள் சொல்வதில்லை. இந்தப் பெண்மணி அதை ஒரு மரத்திடம் கற்று, ஊருக்கே கற்பித்தார். 1984-இல் அவர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய சமூகத் தோட்டம் அதே பகுதியில் இருக்கிறது.

சாவி யாரிடம் என்ற இரண்டாவது கேள்விக்கு, அதாவது எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுதல் பற்றிய கேள்விக்கு வருவோம். 1973-இல் மன்ஹாட்டனின் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் ஓவியர் லிஸ் கிறிஸ்டியும் ‘கிரீன் கெரில்லாஸ்’ நண்பர்களும் குப்பை அள்ளி, மண் கொட்டி, பாத்தி கட்டினார்கள். மறு ஆண்டு நகராட்சி மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுத்தது. கிறிஸ்டியின் பெருமை அந்த ஒரு தோட்டத்தில் இல்லை. மற்ற பகுதிகளிலிருந்து கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் செடியும் கருவியும் செய்முறையும் கொடுத்ததில் இருக்கிறது. 1978-இல் நகராட்சியே ‘கிரீன்தம்ப்’ என்ற சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்க வேண்டிவந்தது.

தெற்கு பிராங்க்ஸின் போர்ட்டோ ரிக்கோ மக்கள் வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். காலிமனையில் பலகை வீடு ஒன்றைத் தம் ஊர்ப் பாணியில் கட்டி வண்ணம் பூசி, முற்றத்தில் மேளம் கொட்டி, சுற்றிலும் மிளகாயும் அவரையும் பயிரிட்டார்கள். மெல்ரோஸ் பகுதியில் ரின்கோன் கிரியோயோ என்ற பெயரில் 1970-களில் எழுந்த அத்தகைய இடம் பொம்பா, பிளேனா இசை மரபுகளுக்கு நியூயார்க்கில் ஒரு பள்ளியாகவே ஆனது. லாரா சால்டிவார்-டனாக்காவும் மரியான் கிராஸ்னியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, நகரத்தின் லத்தீனோ தோட்டங்களை அங்குள்ளவர்கள் விளைநிலமாகக் கருதியதைவிடக் கூடிப் பழகும் இடமாகவே அதிகம் கருதினார்கள் என்று காட்டியது. கிலோக்கணக்கில் காய்கறியை எடைபோட்டுத் தோட்டத்தின் பயனை அளப்பவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

ஆனால் தம்மவரை நெருக்கமாகச் சேர்க்கும் இடம் பிறரைத் தள்ளி நிறுத்தும் இடமாகவும் ஆகலாம். மத்திய மேற்குப் பகுதி நகரம் ஒன்றின் தோட்டத்தை ஆய்ந்த ட்ராய் குளோவர், அங்கே உருவான உறவுகளின் பலன் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை, உட்குழுவினருக்கே அதிகம் போனது என்று கண்டார். வேலி போட்டால் பூட்டு வேண்டும், பூட்டுக்குச் சாவி வேண்டும், சாவிக்குப் பட்டியல் வேண்டும். பட்டியலில் இடம்பெற எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும், கூட்டம் எந்த மொழியில் நடக்கும், இரண்டு வேலை பார்க்கும் தாய் வரக்கூடிய நேரத்தில் நடக்குமா என்பதெல்லாம் சில்லறை விவகாரங்களாகத் தோன்றும். யார் உள்ளே, யார் வெளியே என்பதை நிர்ணயிப்பவை இவைதாம். கிரீன்தம்ப் தோட்டங்கள் பருவகாலத்தில் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், அந்த நேரத்தை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி, என் பார்வையில், நல்லெண்ண உரைகள் பலவற்றைவிட மேலானது.

கேரன் வாஷிங்டன் தொடங்கிய விதமும் இங்கே பொருந்தும். பிராங்க்ஸில் உடலியக்கச் சிகிச்சையாளராக வேலை பார்த்த அவர், 1988-இல் தம் வீட்டுக்கு எதிரே குப்பை மண்டிய மனையில் ஒருவர் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தோட்டம் போட நினைக்கிறேன் என்றார் அவர். நானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டு இவர் உள்ளே போனார். அதுவே ‘மகிழ்ச்சித் தோட்டம்’ ஆனது. பிறகு அருகிலிருந்த தோட்டங்களைக் கூட்டமைப்பாக்கி, உழவர் சந்தை நடத்தி, புதிதாக வருவோருக்கு நகர வேளாண்மை கற்பிக்கும் பள்ளியை உருவாக்குவதில் முன்னின்று, 2010-இல் கறுப்பின நகர்ப்புற விவசாயிகளுக்கான அமைப்பையும் உடன் நின்று நிறுவினார். இன்னொருவர் தொடங்கிய வேலையில் துணையாளாகச் சேர்ந்தவர், அதே வாசலைப் பிறருக்கும் திறந்துகொண்டே போனார்.

இத்தகையவர்களுக்கு நகரம் என்ன திருப்பித் தந்தது? கிறிஸ்டின் ரெனால்ட்ஸ் 2015-இல் வெளியிட்ட கட்டுரை, நியூயார்க்கின் நகர வேளாண்மையில் வெள்ளையர் தலைமையேற்ற அமைப்புகளுக்கே நிதியும் கவனமும் எளிதாகக் கிடைத்தன என்று காட்டுகிறது. விக்கி பீன், இயோன் வொய்கு ஆகியோரின் 2008 ஆய்வு இன்னொரு கசப்பான உண்மையைத் தருகிறது. ஏழைப் பகுதிகளில் தோட்டம் திறந்த ஐந்தே ஆண்டுகளில் சுற்றியுள்ள சொத்து மதிப்பு 9.4 சதவீதப் புள்ளி வரை உயர்ந்தது. தோட்டம் போட்டவர்களில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். தம் கையால் உயர்த்திய மதிப்பே அவர்களுக்கு வாடகை உயர்வாகத் திரும்பி வரக்கூடும்.

1999-இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. மனைகளை மக்கள் சீராக்கிய பிறகு அவற்றுக்கு விலை வந்திருந்தது; விலை வந்ததும் நகராட்சிக்கு அவை நினைவுக்கு வந்தன. பெரும் போராட்டத்துக்குப் பிறகு, பொதுநிலங்களுக்கான அறக்கட்டளை ஒன்றும் நடிகை பெட் மிட்லர் தொடங்கிய நியூயார்க் மறுசீரமைப்பு அமைப்பும் சேர்ந்து 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கிக் காப்பாற்றின. எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. கிழக்கு ஏழாம் தெருவில் 1978 முதல் வளர்ந்த எஸ்பெரான்சா தோட்டத்தைக் காக்க இளைஞர்கள் போர்ட்டோ ரிக்கோவின் கொக்கி தவளையின் பெரிய உருவத்தைச் செய்து அதனுள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். 2000 பிப்ரவரியில் புல்டோசர் வந்து அதைத் தரைமட்டமாக்கியது. மற்றத் தோட்டங்களின் மேல் கைவைக்கக் கூடாதென்று நீதிமன்றம் தடை விதித்தது அதே நாளில்தான். மாநில அரசு வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் தொடுத்த வழக்கு 2002-இல் மேயர் புளூம்பெர்க் காலத்து உடன்பாட்டில் முடிந்து, சில நூறு தோட்டங்கள் தப்பின. சில கட்டட மனைகளாயின.

எஸ்பெரான்சாவில் தலைமை குறையவில்லை, இளையவர்கள் வராமல் இல்லை, கதவும் திறந்தே இருந்தது. இல்லாதது நிலப்பத்திரம் ஒன்றுதான். கார்த்தனின் மரத்துக்குச் சட்டக் காவல் கிடைத்தது, எஸ்பெரான்சாவுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அக்கறையின் அளவாலோ உழைப்பின் அளவாலோ விளக்க முடியாது.

ஆகவே சமூகத் தோட்டங்களை ஆராய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் எண்ணிக்கையையும் விளைச்சலையும் குறிப்பதோடு, பத்தாம் ஆண்டில் சாவி வைத்திருப்பவர்களின் பட்டியலையும் நிலத்தின் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நகராட்சிகளை ஆள்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் நேரானது. உள்ளூர்த் தலைவர்களுக்கு விருது கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது போதாது. நியூயார்க்கின் பெரும்பாலான கிரீன்தம்ப் தோட்டங்கள் இன்றும் குறித்த கால உரிம ஒப்பந்தத்தின் பேரில்தான் நடக்கின்றன. அந்த நிலங்களைச் சட்டப்படி பூங்கா நிலமாக அறிவியுங்கள்.