நிலத்தடியில் பிறந்த நாடகக் குழு

பெண்கள் எழுதிய நாடகங்களை மேடையேற்றும் நியூயார்க்கின் உமன்ஸ் பிராஜெக்ட் நாடகக் குழு 1978-இல் பிறந்தது. அதற்கான தேவையோ வெகு முன்பே இருந்தது. நாடகத்துக்கான புலிட்சர் பரிசை முதன்முதலில் பெற்ற பெண் ஜோனா கேல், ஆண்டு 1921. பிறகு 1931-இல் சூசன் கிளாஸ்பெல், 1935-இல் ஜோயி ஏகின்ஸ், 1945-இல் மேரி சேஸ், 1958-இல் கெட்டி ஃபிரிங்ஸ். அதன்பின் 22 ஆண்டுகள் எந்தப் பெண்ணுக்கும் அப்பரிசு கிட்டவில்லை. அவர்கள் எழுதாமல் இருந்துவிடவில்லை. 1959-இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகம் பிராட்வே ஏறியது. கறுப்பினப் பெண் ஒருவரின் நாடகம் அங்கு ஏறியது அதுவே முதல்முறை. எழுதியோர் பலர், மேடை கண்டோர் சிலர்.

இந்த அநீதியைக் கணக்கெடுத்துப் பார்த்தவர் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த ஜூலியா மைல்ஸ் அம்மையார். அமெரிக்கன் பிளேஸ் தியேட்டரின் நிர்வாகத்தில் இருந்த அவர், தம் அரங்கு மேடையேற்றிய நாடகங்களிலேயே பெண்கள் எழுதியவை மிகக் குறைவு என்பதைக் கண்டார். நாடெங்கும் லாப நோக்கற்ற அரங்குகளில் நாடகாசிரியர்களில் 7 விழுக்காடும் இயக்குநர்களில் 6 விழுக்காடுமே பெண்கள். தம் வீட்டுக் குறையை முதலில் ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கிய அந்த நேர்மையே குழுவின் அடித்தளம். ஃபோர்டு அறக்கட்டளை நிதி தந்தது. 46-ஆம் தெருவில், வானளாவிய கட்டடம் ஒன்றின் அடியில் இருந்த அந்த நாடகசாலையிலேயே ஒத்திகைகளும் வாசிப்புகளும் தொடங்கின.

1980-இல் ஏழு பெண்களின் புதிய நாடகங்களைத் தொகுத்து மைல்ஸ் நூலாக்கினார். அச்சேறாத நாடகத்தை அடுத்த ஊர்க் குழு அறிய வழியில்லை என்பதால் இப்பணி மேடையேற்றத்துக்கு இணையானது. 1981-இல் குழு மேடையேற்றிய, எமிலி மான் எழுதி இயக்கிய ‘ஸ்டில் லைஃப்’, பிராட்வேக்கு வெளியே நிகழும் நாடகங்களுக்கான ஓபி விருதுகளை வென்றது. அதே ஆண்டில் பெத் ஹென்லி புலிட்சர் பெற, 22 ஆண்டு வறட்சி நீங்கியது.

1987-இல் குழு தாய் வீட்டைப் பிரிந்து தனித்து நின்றது. அவ்வாண்டு மேடையேறிய மரியா ஐரீன் ஃபோர்னெஸின் ‘அபிங்டன் ஸ்கொயர்’ நாடகத்துக்கும் ஓபி விருது கிட்டியது. ஆனால் சொந்த அரங்கு இல்லை. மேலும் பதினோரு ஆண்டுகள் காத்திருந்து, 1998-இல் 55-ஆம் தெருவில் இருந்த தியேட்டர் ஃபோரைக் குழு விலைக்கு வாங்கியது. பின்னாளில் அதற்கு ஜூலியா மைல்ஸ் தியேட்டர் என்றே பெயர் சூட்டினர்.

2020 மார்ச்சில் அம்மையார் மறைந்தார். அவர் தொடங்கிய குழு, டபிள்யூ.பி. தியேட்டர் என்ற பெயரில், பெண்கள் எழுதிய நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றி வருகிறது.