கறுப்பு மணலும் சாம்பல் சுவரும்

அறைக்குச் சாம்பல் நிறம் தேர்வோர் கடையிலுள்ள நிற அட்டையில் காண்பது ஒரு பெயரை மட்டுமே. அப்பூச்சினுள் கலந்திருப்பவை கறுப்பும் வெள்ளையும். கறுப்பு, பெரும்பாலும் கரித்தூள். வெள்ளை, டைட்டானியம் டைஆக்சைடு. அது வருமுன் கோலோச்சியது நச்சு மிக்க ஈயவெள்ளை. வெள்ளைத் துகள் மிக நுண்ணியதாயின் சாம்பலில் நீலச் சாயை தோன்றும். பருத்ததாயின் மஞ்சள் சாயை படரும்.

இவ்வெள்ளையின் மூலப்பொருளோ கன்னங்கரிய மணல். இல்மனைட் எனப்படும் அம்மணல், திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள புல்மோட்டைக் கரையில் செறிந்து கிடக்கிறது. இதற்கெனவே 1957-இல் இலங்கை அரசு கனிய மணல் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. போர் இம்மணலையும் விட்டுவைக்கவில்லை. 1997 செப்டம்பரில், புல்மோட்டையில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' கப்பலைக் கடற்புலிகள் தாக்கினர்.

போர் 2009-இல் ஓய்ந்தது. ஆயினும் கூட்டுத்தாபனம் தோன்றிய நாள் முதல் இக்கரையிலிருந்து கப்பலேறியது பெரும்பாலும் மணலே. அதனை வெள்ளையாக்கும் ஆலைகள் அந்நிய நாடுகளில் இருந்தன; விலையின் பெரும்பங்கும் அங்கேயே தங்கிவிட்டது. கரையை இழந்தவர்களுக்குக் கிட்டியது மணலின் விலை, நிறத்தின் விலையன்று.