ரிப்போர்ட்ல வைட்டமின் டி கம்மியா? மாத்திரை வாங்கும் முன் இதைப் படிங்க!

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. சர்க்கரை ஓகே, கொலஸ்ட்ரால் ஓகே. கடைசிப் பக்கத்தில் மட்டும் 'வைட்டமின் டி: 22' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. பக்குனு இருக்கும்தானே? அடுத்த அரை மணி நேரத்தில் மெடிக்கல் ஷாப்பில் நின்று, 'வாரம் ஒண்ணு போடுங்க' என்று கொடுக்கப்படும் 60,000 ஐ.யூ கேப்ஸ்யூலை வாங்கிவிடுகிறோம். எலும்பு பலமாகும், களைப்பு போகும், சர்க்கரை நோய்கூட வராது என்று ரீல்ஸ் வேறு சொல்கிறது.

இதில் எவ்வளவு உண்மை? ஆயிரக்கணக்கான பேரை வைத்து நடத்தப்பட்ட பெரிய மருத்துவப் பரிசோதனைகளின் முடிவுகள் கடந்த சில ஆண்டுகளில் வரிசையாக வந்துவிட்டன. அவற்றின் சாரம் ஒரே வரிதான்: நிஜமாகவே குறைபாடு உள்ளவருக்கு வைட்டமின் டி மருந்து, போதுமான அளவு உள்ளவருக்கு அது பெரும்பாலும் வீண் செலவு, சில நேரம் ஆபத்து.

பேரு வைட்டமின்... வேலை ஹார்மோன்!

மற்ற வைட்டமின்கள் பெரும்பாலும் சாப்பாட்டில் இருந்து வர வேண்டும். வைட்டமின் டி-யை நம் தோலே தயாரிக்கும். தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் மீது வெயிலின் புற ஊதா பி கதிர்கள் பட்டதும் அது உருவாகிறது. அங்கிருந்து கல்லீரலுக்குப் போய் ஒருமுறை மாறுகிறது. லேப்பில் அளப்பது இந்த வடிவத்தைத்தான். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு முறை மாறி, முழு வீரியமுள்ள ஹார்மோனாகிறது.

இதன் முக்கிய வேலை, நாம் சாப்பிடும் கால்சியத்தைக் குடலில் இருந்து ரத்தத்துக்குள் இழுப்பது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். அவற்றின் ஹார்மோன், 'இன்னும் கொஞ்சம் வைட்டமின் டி-யை வேலைக்கு அனுப்பு' என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும். கூடவே எலும்பில் சேர்த்து வைத்திருக்கும் கால்சியத்தையும் எடுக்கும். அதனால்தான் நீண்டகாலக் குறைபாடு எலும்பைக் கரைக்கிறது. குழந்தைகளுக்கு கால் வளையும் ரிக்கெட்ஸ், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியா எல்லாம் இப்படி வருபவைதான்.

20-ஆ, 30-ஆ? எதுங்க கம்மி?

குழப்பம் இங்கேதான் ஆரம்பம். 2011-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருடைய எலும்புக்கும் போதும் என்றது. அதே ஆண்டு அங்குள்ள எண்டோகிரைன் சொசைட்டி, 30-க்குக் கீழே போனாலே 'போதாது' என்றது. ஆக, உங்கள் 22 ஒரு கணக்கில் நார்மல், இன்னொரு கணக்கில் குறைபாடு! பல லேப்கள் 30-ஐப் பிடித்துக்கொண்டதால், ஆரோக்கியமாக இருக்கும் பலருக்கும் ரிப்போர்ட் பயம் காட்டுகிறது.

2024-ல் எண்டோகிரைன் சொசைட்டியே தன் பழைய 30 என்ற இலக்கைக் கைவிட்டது. 75 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமான வைட்டமின் டி டெஸ்ட்டே தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது.

எலும்புக்கு மாத்திரை உதவுமா?

நல்ல மருத்துவப் பரிசோதனையில் சீட்டுக் குலுக்குவது போல ஆட்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்கு நிஜ மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது கடைசிவரை ரகசியம். அப்படிச் செய்ததில் தெரிந்தவை இவை:

• அமெரிக்காவின் 'வைட்டல்' பரிசோதனை: 25,871 பேர், தினமும் 2,000 ஐ.யூ, சுமார் 5 ஆண்டுகள். எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது.

• ஆஸ்திரேலியாவின் 'டி-ஹெல்த்': 60 வயது தாண்டிய 21,000-க்கும் அதிகமானோர். நம்மூரில் வாரம் ஒன்று போடும் அதே 60,000 ஐ.யூ, அங்கே மாதம் ஒன்று. ஒட்டுமொத்த எலும்பு முறிவுகளில் தெளிவான வித்தியாசம் இல்லை.

• அதே நாட்டில் 70 வயது கடந்த 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 ஐ.யூ மொத்தமாகக் கொடுத்தார்கள். 2010-ல் வெளியான முடிவு அதிர்ச்சி: கீழே விழுவது 15%, எலும்பு முறிவது 26% கூடியிருந்தது!

• கனடாவின் கால்கரி நகரில் 311 பேர், 3 ஆண்டுகள். தினமும் 400 ஐ.யூ எடுத்தவர்களைவிட, 4,000-மும் 10,000-மும் எடுத்தவர்களுக்கு முன்கை எலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தது. 2019-ல் இது வெளியானது.

அப்போ வைட்டமின் டி டம்மியா? இல்லை. வைட்டல், டி-ஹெல்த் போன்றவற்றில் கலந்துகொண்ட பெரும்பாலானோருக்குக் குறைபாடே கிடையாது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வெளியேதானே வழியும்? காலிக் குடம் வைத்திருப்பவர் கதை வேறு.

சர்க்கரை நோயைத் தடுக்குமா?

வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வருகிறது என்பது பழைய கவனிப்பு. ஆனால், உடல் பருமன் இருந்தால் இரண்டுமே நடக்கும்: ரத்தத்தில் வைட்டமின் டி குறையும், சர்க்கரையும் ஏறும். வெளியே நடமாடாதவர்களுக்கும் அப்படித்தான். எது காரணம், எது வெறும் கூட்டாளி என்று பார்க்கப் பரிசோதனை தேவைப்பட்டது.

அமெரிக்காவில் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, அதாவது ப்ரீடயாபட்டீஸ் உள்ள 2,423 பேரை எடுத்தார்கள். தினமும் 4,000 ஐ.யூ எடுத்த பிரிவில் 293 பேருக்கும், போலி மாத்திரை பிரிவில் 323 பேருக்கும் நோய் வந்தது. இந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே 2019-ல் வந்த தீர்ப்பு. தொடக்கத்திலேயே மிகமிகக் குறைவாக இருந்தவர்களிடம் மட்டும் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் நூறு பேர் அளவுக்குத்தான். பிறகு இதுபோன்ற 3 பரிசோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஆபத்து 15% குறைவதாக 2023-ல் தெரியவந்தது. அதனால் ப்ரீடயாபட்டீஸ் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் மட்டும், வாழ்க்கைமுறை மாற்றத்தோடு சேர்த்து எடுக்கலாம் என்கிறது எண்டோகிரைன் சொசைட்டி.

'சேர்த்து' என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கோங்க. நம் சென்னையில் ப்ரீடயாபட்டீஸ் உள்ள 531 பேரிடம் நடந்து, 2006-ல் வெளியான ஆய்வில், சும்மா விடப்பட்டவர்களில் 55% பேருக்கு 3 ஆண்டுகளில் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நேர வேக நடை, இனிப்பையும் மாவுச்சத்தையும் குறைத்த சாப்பாடு என்று மாறியவர்களில் அது 39% தான். ஆபத்து 28.5% குறைந்தது. கேப்ஸ்யூலை நடை ஜெயித்துவிட்டது!

60,000-னா எவ்ளோ தெரியுமா?

ஐ.சி.எம்.ஆர் பரிந்துரைப்படி ஒரு நாள் தேவை 600 ஐ.யூ. ஆக, ஒரு கேப்ஸ்யூல் என்பது 100 நாள் கணக்கு. குறைபாடு உறுதியானவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் தருவார்கள். பிரச்னை, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் தொடரும்போதும், வாரம் ஒன்றை நாள் ஒன்றாகப் போடும்போதும் வருகிறது. இது கொழுப்பில் சேரும் பொருள். அதிகமானால் சிறுநீரில் சட்டென்று வெளியேறாது. ரத்தத்தில் கால்சியம் எகிறும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகக் கல் என்று போய், சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

யாருக்கு நிஜமாவே தேவை?

• தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள் (குழந்தை மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்து)
• கர்ப்பிணிகள், 75 வயது கடந்தவர்கள்
• வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்கள், உடல் முழுக்க மூடியே வெளியே செல்பவர்கள்
• கல்லீரல், சிறுநீரக நோய், குடலில் சத்து உறிஞ்சாத பிரச்னை உள்ளவர்கள்
• வலிப்பு மருந்து அல்லது ஸ்டீராய்டு நீண்டகாலம் எடுப்பவர்கள்
• தரையில் உட்கார்ந்தால் எழ முடியாத தொடைத் தளர்ச்சியும், விடாத எலும்பு வலியும் உள்ளவர்கள்

இந்தப் பட்டியலில் நீங்களோ, வீட்டில் யாராவதோ இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்க. ஏற்கெனவே அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இளவெயில் போதுமா?

காலை 6 மணி வெயில் உடம்புக்கு இதம். வைட்டமின் டி-க்கு அல்ல. சூரியன் சாய்வாக இருக்கும்போது புற ஊதா பி கதிர்கள் மிகக் குறைவாகவே தரைக்கு வரும். திருப்பதியில் நடந்த ஆய்வில், காலை 11 முதல் மதியம் 2 மணி வரையிலான வெயிலில்தான் உற்பத்தி உச்சத்தில் இருந்தது. எளிய ரூல்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கணும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் கணக்கில் வராது. மதிய டீ பிரேக்கில் கை, கால், முகத்தில் வெயில் படக் கொஞ்ச நேரம் நடந்தாலே நல்லது. கத்திரி வெயிலில் மட்டும் ஹீரோயிசம் வேண்டாம்.

எலும்புக்கு கால்சியமும் உழைப்பும் கூடவே வேண்டும். கேழ்வரகு, பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி, தினமும் படி ஏறுவது, இரண்டும் எலும்புக்கு நேரடியாக வேலை கொடுக்கும். அடுத்த முறை ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து வந்தால், கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான். 'இந்த எண் 20-க்குக் கீழே இருக்கா? எனக்கு அறிகுறியோ, மேலே சொன்ன காரணமோ இருக்கா?' அதை மெடிக்கல் ஷாப் கவுன்டரில் கேட்காதீங்க, டாக்டரிடம் கேளுங்க.