ஊர்ப்பெயரும் அது வந்த வழியும்

ரைன் நதிக்கரையிலுள்ள ஒரு பெருநகரை அதன் மக்கள் கோல்ன் என்கிறார்கள். ஆங்கிலேயர் கொலோன் என்கிறார்கள். பவேரியாவின் தலைநகர் தன் மக்களுக்கு மியூன்ஷென், ஆங்கிலத்துக்கு மியூனிக். ஓர் ஊரை அவ்வூரார் அழைக்கும் பெயராலேயே அழைப்பதுதான் மரியாதை என்ற வாதத்தை மறுப்பது கடினம். ஆனால் இப்பெயர்களின் வரலாற்றைப் பார்க்கும்போது, ஆங்கில வடிவங்கள் அலட்சியத்தால் விளைந்த திரிபுகள் அல்ல என்பது நமக்குப் புலப்படுகிறது.

கோல்ன் நகரின் கதை ரோமானியரிடம் தொடங்குகிறது. பேரரசர் கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினா பிறந்த அந்தக் குடியிருப்பு, கி.பி. 50இல் 'கொலோனியா' என்ற தகுதியைப் பெற்றது. குடியேற்ற நகர் என்பது பொருள். அந்த லத்தீன் சொல் ஜெர்மானியர் நாவில் கோல்ன் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் நாவில் கொலோன் ஆயிற்று. ஆங்கிலம் பிரெஞ்சு வடிவத்தை எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஜெர்மன் எழுத்துமுறையிலும் இப்பெயர் நிலையாக இருந்ததில்லை. 'சி'யில் தொடங்குவதா, 'கே'யில் தொடங்குவதா என்ற இழுபறி, அடனாவர் மேயராக இருந்த 1919இல்தான் 'கே'யின் பக்கம் தீர்ந்தது.

இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஃபரீனா குடும்பத்தார் 1709இல் அங்கே தொடங்கிய வணிகம், வாசனைத் திரவியத்தால் புகழ்பெற்றது. 'கொலோன் நீர்' என்று பொருள்படும் அதன் பிரெஞ்சுப் பெயர் உலகெங்கும் பரவியது. காய்ச்சல்காரர் நெற்றியில் துணியை நனைத்துப் போட நம் வீடுகளில் வைத்திருந்த ஓடிகொலோன் அதுதான்.

மியூனிக்கின் கதை இன்னும் வியப்பானது. 1158ஆம் ஆண்டின் ஆவணமொன்று இவ்வூரை 'முனிகென்' என்று குறிக்கிறது. துறவியர் இருக்குமிடம் என்பது பொருள். ஜெர்மன் மொழி தன் போக்கில் மாறி மியூன்ஷென் என்ற ஒலிக்கு வந்து சேர்ந்தது. அந்நியம் என்று நாம் கருதும் மியூனிக்தான் பழைய ஒலிக்கு நெருங்கி நிற்கிறது! பிரவுன்ஷ்வைக் நகரை ஆங்கிலம் பிரன்ஸ்விக் என்பதும் இத்தகையதே. வட ஜெர்மனியின் கீழ்ஜெர்மன் பேச்சுவழக்கு அவ்வூருக்கு வழங்கிய பெயரை ஒட்டியது அது.

எனினும் இவ்வடிவங்கள் நிரந்தரமானவை அல்ல. ஆகென் நகரில் 1748இல் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை, ஆங்கில வரலாற்று நூல்களில் எய்-லா-ஷபேல் என்ற பிரெஞ்சுப் பெயரோடுதான் நிற்கிறது. ஊரை மட்டும் இன்று ஆங்கிலமும் ஆகென் என்றே அழைக்கிறது. ரேகென்ஸ்பூர்க்குக்கு வழங்கிய ராட்டிஸ்பன், மைன்ஸுக்கு வழங்கிய மாயான்ஸ் ஆகியவையும் வழக்கொழிந்தன. 1972இல் லண்டனில் கூடிய ஐ.நா. புவிப்பெயர் மாநாடும் அயல்வழக்குப் பெயர்களைக் குறைக்கும்படியே பரிந்துரைத்தது.

பிழைத்து நிற்கும் பெயர்கள் சிலவற்றின் மேல் வரலாற்றின் சுமை ஏறியிருக்கிறது. 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தாரை வார்த்த உடன்படிக்கைக்குப் பின், மியூனிக் என்ற சொல்லே ஆங்கில அரசியலில் கோழைத்தனமான சமரசத்தின் பெயராகிவிட்டது. 1945இலும் 1946இலும் நடந்த போர்க்குற்ற விசாரணை நியூரம்பர்க் என்ற பெயரோடு பிணைந்துவிட்டது. நூர்ன்பெர்க் என்று அதைத் திருத்தி எழுதினால், ஆங்கில வாசகன் அந்த நீதிமன்றத்தை ஒரு கணம் தேட வேண்டியிருக்கும்.

இங்கே நம் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயருக்கு இப்பெயர்கள் அண்டை வீட்டு உறவில் கிடைத்தவை. வணிகம், போர், அரச குடும்பத் திருமணம் என அந்த உறவுக்குப் பல முகங்கள் உண்டு. நமக்கோ அவை ஆங்கிலப் புத்தகத்தின் வழியே வந்தவை. கொலோன் என்று எழுதும்போது லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று வாசல்களைக் கடந்து வந்த பெயரை நாம் எழுதுகிறோம். ஹைன்ரிஷ் ப்யோல் பிறந்து வளர்ந்த நகரைப் பற்றி, ஜெர்மனிலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்பவர் அந்தச் சுற்றுவழியில் போகத் தேவையில்லை. கோல்ன் என்றே எழுதலாம். மியூனிக் உடன்படிக்கையை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம். ஊரின் பெயர் ஊராருக்குச் சொந்தம். நிகழ்வின் பெயரோ அதை நினைவில் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொந்தம்.