சரக்கும் மெருகும்

1994-இல் சிம்டெக்ஸ் உருவாக்கி மைக்ரோபுரோஸ் வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் மேஜிக்’கை விளையாடியவர்களுக்கு முதலில் வந்தது பிரமிப்பு. நீங்கள் ஒரு மந்திரவாதி. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் 2 உலகங்கள், 14 இனங்கள், 200-க்கு மேல் மந்திரங்கள். ‘அட, இவ்வளவு இருக்கா!’ என்று வாய் பிளக்கும்போதே ஆட்டம் நின்றுபோகும். கணினி ஆளும் எதிரிகளோ சண்டை போடவே தெரியாதவர்கள். 1995-இல் வந்த 1.31 திருத்தத்துக்குப் பிறகும் பிழைகள் மிச்சமிருந்தன.

1999-இல் வந்த ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ வேறு ரகம். 8 வகை நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் 7 படையினங்கள், ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மேம்பட்ட வடிவம். கட்டம் போட்டு அடுக்கியது போல ஒழுங்கு. கையேட்டைப் புரட்டாமலே அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். எதை வைக்கலாம் என்பதைவிட எதை விட்டுவிடலாம் என்று யோசித்தவர்களின் வேலை அது. மெருகு என்றால் வெறும் பளபளப்பு இல்லை என்பதை அதில்தான் புரிந்துகொண்டேன்.

இன்னொரு எல்லையில் ‘டொமினியன்ஸ் 3’ நிற்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த இருவர் உருவாக்கி, 2006-இல் வெளிவந்தது. 1,500-க்கு மேல் படையினங்கள், 600-க்கு மேல் மந்திரங்கள். படங்கள் நகத்தளவுதான், அழகென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் இலங்கை என்றொரு நாடு உண்டு, அரக்கர்கள் ஆள்கிறார்கள். கைலாசத்தில் வானரங்கள் இருக்கின்றன. பாட்டி சொன்ன கதை, ஸ்வீடன்காரர் செய்த விளையாட்டில்! அந்தச் சின்னப் படத்தை யார் குறை சொல்வார்? ஆனால் முதல் திரையைப் பார்த்துவிட்டு மூடியவர்கள் இலங்கையைப் பார்க்கவே இல்லை. மெருகு இல்லாததற்கு விலை அதுதான்.

சரக்கு தருகிறோம் என்று சொன்னால் மட்டும் மன்னிப்பு கிடைத்துவிடாது. ‘மாஸ்டர் ஆஃப் மேஜிக்’கின் வாரிசாக எதிர்பார்க்கப்பட்ட ஸ்டார்டாக்கின் ‘எலிமெண்டல்’ 2010-இல் அரைகுறையாக வந்து விழுந்தது. நிறுவனமே தவற்றை ஒப்புக்கொண்டது. 2012-இல் புதிதாகச் செய்த ‘ஃபாலன் என்சான்ட்ரஸை’, முதலில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

‘மாஸ்டர் ஆஃப் மேஜிக்’கின் கதை அப்படி முடியவில்லை. சிம்டெக்ஸ் மூடப்பட்ட பிறகும் ரசிகர்கள் உட்கார்ந்து பிழைகளைத் திருத்தினார்கள். எதிரிகளுக்குப் புத்தி கொடுத்தார்கள். 2022-இல் அதை மறுபடி புதிதாகவே செய்து வெளியிட்டார்கள். விட்டுப்போன மெருகை யாரோ பிறகு ஏற்ற முடிந்தது. காரணம், தேய்ப்பதற்கு அங்கே ஏதோ இருந்தது.

நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் இப்பவும் ‘ஹீரோஸ் 3’-ஐத்தான் திறப்பேன். எல்லாரும் சேர்ந்து ஆடலாம், யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம். தனியாக இருக்கும் ராத்திரியில் கை தானாகப் போவது என்னவோ அந்த 1994-ஆம் ஆண்டுப் பிழைக் குவியலிடம்தான். அதில் நான் இன்னும் போடாத மந்திரங்கள் இருக்கின்றன.